ஒரு முழம் பூ தாங்காத தலை

என் முடி கொட்டுவதை முதலில் கண்டுபிடித்தது கண்ணாடி அல்ல, என் தையல் மிஷின். மூட்டுவலிக் காய்ச்சல் வந்து போய் இரண்டரை மாதம் இருக்கும். ஒரு டீச்சரம்மாவின் பச்சை ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஊசி திணறியது, நூல் இழுபட்டது. பாபினைக் கழற்றினால் நூலோடு நூலாக முடி சுருண்டு கிடந்தது. தைத்து முடித்த தோள்பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு முடி தையலுக்குள் போயிருந்தது. டீச்சரம்மா என் முடியைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தேன்.

தச்சநல்லூரில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்துப் படித்த தொழில்தான். ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஊர்ப் பெண்களின் முகத்தைவிட முதுகு நன்றாகத் தெரியும். அளவெடுக்கும்போது பின்னலை எடுத்து முன்னால் போடச் சொல்வேன். அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும், யாருடைய பின்னல் சொந்தம், யாருடையது சவுரி வைத்துப் பின்னியது என்று. யாரிடமும் சொன்னதில்லை. அளவு நோட்டில்கூட எழுதியதில்லை.

அப்படி எனக்குத் தெரிந்த முதுகுகளிலேயே ராஜ முதுகு என் மதினியுடையது. என் வீட்டுக்காரருக்கு அக்கா, சேரன்மகாதேவியில் வாழ்க்கைப்பட்டவள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். ஆற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்த முடி என்று அவளே சொல்லிக்கொள்வாள். அவளுக்கு ஜாக்கெட் வெட்டும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான்: "பின்கழுத்த நல்லா இறக்கி வையிட்டி. மறைக்கத்தான் சடை கெடக்குல்லா." முதுகு மறைக்க முடி வேண்டியதில்லை, துணி போதும். முடி இருக்கிறது என்று காட்டத்தான் அந்த இறக்கம். கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிவாள் என்று விட்டுவிடுவேன்.

அந்த வருஷம் ஆவணியில் மதினியின் மூத்த மகளுக்கு நிச்சயம். எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருகிற பூவை, பெண்ணின் தாய்மாமன் மனைவிதான் முதலில் வைக்க வேண்டும். அவள் ஒரு சரம் வைத்த பிறகுதான் மற்றவர்கள். வைக்கிறவள் தலை நிறையப் பூ வைத்திருந்தால் பெண் தலையும் நிறையும் என்று ஒரு நம்பிக்கையும் கூடவே உண்டு. தாய்மாமன் என் வீட்டுக்காரர். ஆகவே அந்தப் பூ என்னுடையது.

முடி பாதிக்கு மேல் போய்விட்டிருந்த நேரம். இருந்ததைச் சேர்த்துக் கட்டி, சவுரி வைத்து, நாலு கிளிப் குத்தி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டு போனேன். ஜங்ஷனிலிருந்து சேரன்மகாதேவி போய்ச் சேர்வதற்குள் பஸ் ஜன்னல் காற்றில் கிளிப்புகள் வழுக்கிவிட்டன. மண்டபத்தில் தட்டைக் கையில் வாங்கியபோது என் தலைப் பூ கழுத்தோரம் தொங்கிக்கொண்டிருந்தது. மதினி வந்தாள். என் தலையைப் பார்த்தாள். தட்டைப் பிடித்து இழுத்தாள்.

"தட்ட இங்க குடுட்டி. ஒரு முழம் பூ தாங்காத தலைய வச்சுக்கிட்டு எம் பிள்ளைக்குப் பூ வைக்க வந்திட்டியாக்கும். உன் ராசி அவளுக்கு ஒட்டிக்கிட்டா நான் எங்க போவேன்?"

சொல்லிவிட்டுத் தட்டைத் தன் கொழுந்தன் மனைவியிடம் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிக்காதவர்கள் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். சிரித்தவர்களே தேவலை. என் வீட்டுக்காரர் கேசரித் தட்டோடு நின்றவர், கரண்டியை வாய்க்குக் கொண்டு போகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அப்படியே நின்றார்.

வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் விட்டேன். குளியலறைச் சல்லடை அடைத்துக்கொண்டு தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. குனிந்து எடுத்தால் கைநிறைய என் முடி. அதைப் பிடித்துக்கொண்டு, திருச்செந்தூர் இருக்கும் திசை எது என்றுகூடப் பார்க்காமல், சத்தமாகவே சொன்னேன்: "முருகா, எனக்கு முடி மட்டும் வளரட்டும், ஒனக்கு முழு மொட்டை போடுதேன்."

வெளியே துண்டோடு நின்ற வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்திருக்கக் கூடாது.

"ஏட்டி, இது என்ன நேர்ச்சை? இலையப் போட்டுச் சோத்த வைய்யி, வச்சதும் நீயே எடுத்துக்கோன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு."

"நீங்க பேசாதிய. பேச வேண்டிய எடத்துல கேசரியப் பிடிச்சுக்கிட்டு நின்னியள்லா."

அவர் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். சொன்னது பிசகு என்று எனக்கும் தெரிந்தது. முடி கேட்டு முடியையே நேர்ந்துகொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் முருகனிடம் சொன்ன சொல்லை வாபஸ் வாங்கும் பழக்கம் எங்களிடம் கிடையாது.

மற்றவர்கள் அழகுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். நான் பழிக்குத் தேய்த்தேன். மதினிக்கு அடுத்த மகள் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் ஒருநாள் பூ வைத்துத்தானே ஆக வேண்டும், அன்றைக்குப் பார்ப்போம் என்பதே என் மந்திரம். அளவெடுக்க வருகிற பெண்கள் சொல்கிற நல்ல வார்த்தைகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி மிஷின் டிராயரில் போட்டு வைப்பது என் வழக்கம். அந்த ஆறு மாதமும் டிராயர் முழுக்க வைத்தியமாகவே நிறைந்தது.

வயலோரத்திலிருந்து கீரை கொண்டுவரும் அக்கா கரிசலாங்கண்ணி கொடுத்தாள். "இடிச்சுச் சாறெடு. தேங்கா எண்ணெயில விட்டுக் காய்ச்சு. சடசடன்னு சத்தம் போடும். சத்தம் அடங்குச்சுன்னா தண்ணி செத்துட்டுன்னு அர்த்தம், எறக்கிரு. மனுசனும் எண்ணெயும் சத்தம் அடங்குனாத்தான் பதம்." காய்ச்சினேன். வீடு முழுக்கப் பச்சை வாசம். பின்தெருவில் ஒருத்தி, செம்பருத்தி இலையைக் கசக்கி வருகிற வழுவழுப்பைச் சீயக்காய்க்குப் பதிலாகப் போடச் சொன்னாள். போட்டேன். வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துத் தலையில் அப்பினேன். மூன்றே நாளில் நீர்க்கோவை பிடித்து, ஜாக்கெட் துணியில் தும்மக் கூடாதே என்று ஒரு வாரம் மிஷினைத் தொடவில்லை. பிறகு சின்ன வெங்காயச் சாறு. அளவெடுக்க வந்த பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "வீட்டுல சாம்பாரா?" என்றார்கள். அந்த வாசத்துக்கு என் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனார். கேசரிக்கு அது சரியாகிப் போயிற்று.

ஆனால் உச்சந்தலை எரிந்தது. வகிட்டுப் பக்கம் சிவந்து பொரிந்தது. பயந்துபோய்ப் பாளையங்கோட்டையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "பெரிய காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொட்டத்தான் செய்யும். தானா நிக்கும், தானா வளரும். ஒங்களுக்கு ரத்தத்துல இரும்பும் கொறச்சலா இருக்கு, அதுக்கு மாத்திரை தாரேன். வெங்காயத்த நிறுத்துங்க." எண்ணெயும் நிறுத்தவா என்று கேட்டேன். "எண்ணெய் முடிய மொளைக்க வைக்காதும்மா. இருக்கத உடையாமப் பாத்துக்கிடும். தேய்ங்க. ஆனா நகத்தால பெறாண்டாதீங்க, விரல் நுனியால பைய. ஈரத்தலைய இறுக்கிக் கட்டாதீங்க, பெரிய பல் சீப்ப வச்சுக்கோங்க."

தானா வளரும் என்ற அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. தானாக வளர்ந்தால் அதில் என் வைராக்கியத்துக்கு என்ன பங்கு? ஆகவே எல்லாவற்றையும் செய்தேன். மாத்திரை, முருங்கைக்கீரை, கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை, வாரம் இரண்டு நாள் கரிசலாங்கண்ணி எண்ணெய். எங்கள் தெருவில் போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படியும், சீயக்காய் நுரைக்காது, முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு குடத்தைத் தலைக்கென்று ஒதுக்கினேன். அதைத் தொடுகிறவர்களைப் பார்வையாலேயே எரித்தேன்.

தை மாதம் பாபினில் முடி சிக்குவது நின்றது. மாசியில் வகிட்டின் இரண்டு பக்கமும் குத்துக்குத்தாக, கோயில் கொடைக்கு வளர்க்கிற முளைப்பாரி மாதிரி, முடி எழுந்து நின்றது. சீப்பு வைத்தாலும் படியாது. கண்ணாடியில் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, முருகனுக்கு முன்னால் எனக்கு ஞாபகம் வந்தது மதினி. அதை மறைக்க மாட்டேன்.

இரண்டு வருஷம் போயிற்று. முடி தோளைத் தாண்டி முதுகில் பாதிக்கு வந்தது. திருச்செந்தூர்க் கடன் பாக்கி நின்றது. "எப்பம் போறே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "போவேன்" என்பேன். வளர்ந்த முடியைப் பார்க்கிறபோது மனசு வரவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கே அப்போது பிடிபடவில்லை.

ஒரு சித்திரை மாதம் மதினி ஜாக்கெட் துணியோடு வந்தாள். முன்னறையில் வேறு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள் மதினி. அடிக்கிற வெயிலுக்கு அது பொருந்தவே இல்லை. அளவு நாடாவை எடுத்தேன்.

"பின்கழுத்த ஏத்தி வையிட்டி," என்றாள்.

இருபது வருஷத்தில் கேட்காத வார்த்தை. "எவ்வளவு மைனி?"

"நல்லா ஏத்தி. கழுத்தோட நிக்கட்டும்."

"ஏன், குளுருதா மைனி?"

தலைப்பை மட்டும் தளர்த்தினாள். பின்னலை ஒதுக்கினேன். என் கைக்குத் தெரிந்துவிட்டது. பாம்பு மாதிரிக் கனத்த சடை இருந்த இடத்தில் என் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பின்னல், அதிலும் கீழ்ப்பாதி சவுரி. நான்கு மாதத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, ஹார்லிக்ஸ் கொடுத்துவிட்டு வந்தவள்தான் நான். அப்போது சடை இருந்தது. அதற்குப் பிறகுதான் போயிருக்கிறது.

நாடா என் கையில் அப்படியே நின்றது. மனசுக்குள் இரண்டு பேர் பேசினார்கள். ஒருத்தி, பாவம், உடம்புக்கு முடியாதவள் என்றாள். இன்னொருத்தி, இரண்டு வருஷமாக எண்ணெய் தேய்த்தது இதற்குத்தானே என்றாள். இரண்டாவது ஆள் குரல் கொஞ்சம் உரக்க இருந்தது.

மதினி திரும்பாமலே கேட்டாள். "ஒனக்கு எப்படிட்டி வளந்துச்சு?"

"நான் எண்ணெய் காய்ச்சுதேன் மைனி. அதத் தாரேன். ஆனா ஒண்ணு கேக்கணும். சின்னவளுக்கு மாப்பிள்ளை பாக்கியளாமே. அவளுக்கு முதல் பூ யாரு வைப்பா?"

முன்னறையில் இருந்த இரண்டு பெண்களும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பேப்பர் கீழே இறங்கியது.

"யாரு வைப்பா, நீதான் வைப்ப. தாய்மாமன் பொண்டாட்டி இருக்கும்போது வேற எவ வைப்பா?"

"என் தலைய நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அதான் சொல்லுதேன்லா. நீதான் வைக்கணும். சத்தியமா நீதான்." அவளாகவே என் கையைப் பிடித்து அடித்துச் சத்தியம் செய்தாள். நான் கேட்கவில்லை.

அன்றைக்கே அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பழி வேறு, பச்சிலை வேறு. காய்ச்சி வைத்திருந்ததில் பாதியை ஒரு குப்பியில் ஊற்றினேன். டாக்டரம்மா சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன்: ஆபரேஷனுக்குப் பிறகும் இப்படிக் கொட்டும், திரும்ப வரும், ரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள், வெங்காயம் வேண்டாம், விரல் நுனி, பெரிய பல் சீப்பு. எதையும் குறைக்கவில்லை. ஒன்றை மட்டும் கூட்டினேன்.

"செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலு மணிக்கு வைங்க. அஞ்சு மணிக்கு அலசணும். அந்த ஒரு மணி நேரமும் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசக் கூடாது மைனி. பேசுனா சூடு தலைக்கு ஏறிரும், எண்ணெய் பிடிக்காது. இதுதான் பத்தியம்."

அந்தப் பத்தியம் எந்த வைத்தியத்திலும் இல்லை. அந்த நிமிஷம் என் வாயில் வந்தது.

மதினி பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. கோயிலில் தீபாராதனை நேரத்திலும் பக்கத்தில் நிற்கிறவளிடம் குழம்பு என்ன என்று கேட்பாள். ஆனால் முடி ஆசை பெரிது. கடைப்பிடித்தாள். ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்காரர், எங்கள் அண்ணாச்சி, எனக்கு போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, அந்த எண்ணெயத் தெனமும் தேய்க்கலாமா?"

"வாரம் ரெண்டு நாளுக்கு மேல ஆகாது அண்ணாச்சி."

"சரி. இருக்கது போதும்," என்று வைத்துவிட்டார்.

சின்னவளுக்கும் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணியில் நிச்சயம் என்று மதினி போனில் சொன்னாள். "நீதான் முதல் பூ. தலை நெறைய வச்சுக்கிட்டு வா, மாப்பிள்ளை வீட்டுக்காரிய பாத்துக்கிட்டே நிக்கணும்," என்றாள். என் முடியை இப்போது அவள் தன் வீட்டுச் சொத்தாகவே பேச ஆரம்பித்திருந்தாள். போனை வைத்த பிறகுதான், திருச்செந்தூருக்கு ஏன் இத்தனை நாள் போகாமல் இருந்தேன் என்பது எனக்குப் பிடிபட்டது.

நிச்சயத்துக்கு நான்கு நாள் முன்னால் வீட்டுக்காரரிடம், "நாளைக்குத் திருச்செந்தூர் போறோம்," என்றேன்.

அவர் என் பின்னலைப் பார்த்தார். "பூமுடி குடுத்தாப் போதும்ட்டி. பொம்பளையாளுக நெறையப் பேரு மூணு கத்தரிப்புதான் குடுக்காவ. முருகன் கோவிச்சுக்கிட மாட்டான்."

"முழு மொட்டைன்னுதான் சொன்னேன். நீங்களும் கேட்டியள்லா?"

"நிச்சயம் முடிஞ்சு போவோம்."

"நிச்சயத்துக்கு முன்னாலதான் போகணும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. தன் அக்காவுக்காக ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குடையைத் தேடி எடுத்துப் பையில் வைத்தார். "மொட்டைத் தலையில வெயில் அடிச்சாத் தாங்காது," என்றார். மூன்று வருஷக் கேசரியை அந்த ஒரு குடைக்காக மன்னித்தேன்.

முடி இறக்குமிடத்தில் நாவிதர் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தார். "பூமுடியாம்மா?"

"முழுசா எடுங்க."

"நல்ல முடிம்மா. யோசிச்சுக்கிடுங்க. தண்ணிய நனைச்சிட்டா அப்புறம் பேச்சு கெடையாது."

நனைக்கச் சொன்னேன். கத்தி நெற்றியிலிருந்து பிடரி வரை போனபோது காற்று படாத இடத்தில் காற்று பட்டது. மடியில் விழுந்த முடியைப் பார்த்தேன். எத்தனை கரிசலாங்கண்ணி, எத்தனை குடம் ஆற்றுத் தண்ணீர். அழுகை வந்தது. அழுதேன். ஆனால் எழுந்திருக்க நினைக்கவில்லை. கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சந்நிதியில் நின்றேன். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நிற்கிற தெய்வத்துக்கு நான் ஒரு நாற்காலி போட்டேன், அவ்வளவுதான். முருகனுக்கு என் காரணம் முழுக்கத் தெரியும். தெரிந்துதான் வாங்கிக்கொண்டான்.

நிச்சயத்தன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன். பிச்சிச் சரத்தை வளையல் மாதிரிக் கையில் சுற்றிக்கொண்டேன். மண்டப வாசலில் மதினி நின்றாள். அவளுக்கும் முடி திரும்பிக்கொண்டிருந்தது, நெற்றியோரம் அதே முளைப்பாரி. என் தலையைப் பார்த்ததும் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு சாய்ந்தது.

"என்னட்டி இது?"

"நேர்ச்சை மைனி. முடி வளந்தா முடி தாரேன்னு சொல்லியிருந்தேன். வளந்துட்டுல்லா?"

"நாலு நா பொறுக்கக் கூடாதா? பாவி. இந்தத் தலையோட எப்படிட்டி பூ வைப்ப?"

"கையாலதான மைனி வைக்கணும்?"

அவள் என்னை உள்ளறைக்குத் தள்ளப் பார்த்தாள். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். கழுத்தில் உருத்திராட்சம், நெற்றி நிறைய விபூதி. என் தலையைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "திருச்செந்தூரா? எப்பம் எறக்குனிய? பொம்பளைப் பிள்ளை முழு மொட்டை போடணும்னா அதுக்கு ஒரு மனசு வேணும்மா. நீங்கதான் தாய்மாமன் வீட்டம்மாவா? சம்பந்தி, எம் மருமகளுக்குப் பூ வைக்க இதவிட ராசியான கை எங்க கெடைக்கும்?"

மதினி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பூத்தட்டை என் கையில் அவளே கொடுத்தாள். முன்னால் என்னிடமிருந்து இழுத்த அதே கை. வாங்க அவசரப்படாமல், அவள் பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டேன். பிறகு வாங்கினேன்.

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசையாமல், "அத்தை, ஒரு தடவ தடவிப் பாத்துக்கிடட்டுமா?" என்றாள். "அப்பறமா வா," என்று சொல்லிவிட்டுச் சரத்தை வைத்தேன். தங்கிற்று. நன்றாகத் தங்கிற்று.

இனித்ததா என்று கேட்டால், இனித்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு குறை முள்ளாக நின்றது. சாப்பாட்டுப் பந்தியில் மதினி எல்லோரிடமும், "அவ நேர்ச்சைக்காரி, எங்க வீட்டு மருமவ," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனாள். முந்தைய நிச்சயத்தில் நடந்தது நடக்கவே இல்லை என்பது போல. அவள் முகம் சுருங்கியது என் மொட்டைக்காகத்தான். தான் சொன்ன வார்த்தைக்காக இல்லை. அந்த வார்த்தை அவள் காதில் திரும்பப் போய் விழவே இல்லையே.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சேரன்மகாதேவி பஸ் ஏறினேன். தலையில் முக்காடு. நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து. மதினி பின்கட்டில் பலகை போட்டு, தலை வழிய எண்ணெயோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையால் வா என்றாள், வாயைத் தொட்டுக் காட்டினாள், சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். அண்ணாச்சி வெளியே போயிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"நீங்க பேச வேண்டாம் மைனி. நான்தான் பேசணும்."

பேசினேன். காய்ச்சலில் எழுந்து நடக்க முடியாமல் கிடந்ததை, பாபினில் சிக்கிய முடியை, பஸ்ஸில் வழுக்கிய கிளிப்புகளை. "எத்தனை பேரு நின்னாவ மைனி. நீங்க தட்டப் புடுங்குனிய. ஒரு முழம் பூ தாங்காத தலைன்னு சொன்னிய. என் ராசி ஒட்டிக்கிடும்னு சொன்னிய. காய்ச்சல்ல போன முடி. நான் பிடுங்கியா போட்டேன்? ஒங்களுக்கு ஆபரேஷன்ல போச்சே, அன்னைக்கு என் முன்னறையில ரெண்டு பொம்பளைய இருந்தாவ. ஒங்க சவுரிய என் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். ஒரு வார்த்த சொன்னேனா?"

அவள் கண் கடிகாரத்துக்குப் போனது. நாலரைதான். வாய் திறக்கத் துடித்தது, தாடை அசைந்தது. எண்ணெய் நெற்றியில் இறங்கிப் புருவத்தில் நின்றது. துடைக்கவும் இல்லை. பத்தியம் முறிந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. நான் நிறுத்தவில்லை. மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்ததில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பின்கழுத்தை இறக்கச் சொன்ன இருபது வருஷத்தையும் சேர்த்தே சொன்னேன். முக்காட்டை எடுத்துவிட்டுச் சொன்னேன். கடைசியில் எனக்கே சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மணி ஐந்தாயிற்று. முந்தானையால் புருவத்து எண்ணெயைத் துடைத்தாள்.

"ஒரு முழம்னா சொன்னேன்? ஒரு சாண்னுல்லா சொன்னேன்," என்றாள். "ஒரு சாண் பூ தாங்காத தலைன்னு."

உண்மைதான். ஒரு சாண் என்றுதான் சொன்னாள். வெளியே சொல்லக் கூசி, முருகனிடமும், இதோ இங்கேயும், நான்தான் அதை முழமாக்கி வைத்திருந்தேன். அவள் குறைக்காமல் கூட்டாமல் அப்படியே வைத்திருந்திருக்கிறாள். மறந்துவிட்டாள் என்று நான் நினைத்திருந்த அத்தனை நாளும்.

"ஆமா மைனி. சாண்தான்."

"சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் சுவரைப் பார்த்து. பிறகு, "தண்ணி காஞ்சிருக்கும். அலசி விடுதியா?"

ஆற்றுத் தண்ணீர். சீயக்காய் நன்றாக நுரைத்தது. விரல் நுனியால்தான் தேய்த்தேன், நகம் படாமல். முளைப்பாரி என் கையில் குத்தியது. மன்னித்துவிட்டேனா என்று யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். ஈரத்தலையைக் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அந்தப் பத்தியம் நான் இட்டுக்கட்டியது என்பதை மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கும் செவ்வாய், வெள்ளி நாலு மணிக்குச் சேரன்மகாதேவியில் அந்த வீட்டில் போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை.